சுட்டுப்பெயரும் கடைப்புள்ளியும்: மண்டலக் கோப்புகள் பிழைநோக்கப்பட்ட வரலாறு

2009 அக்டோபர் 12 அன்று இரவு, சுவீடன் நாட்டின் இணையப் பெயர்கள் அனைத்தும் ஒரே வேளையில் வழிதவறின. '.எஸ்இ' என்று முடியும் களப்பெயர்கள் அப்போது 9 லட்சத்துக்கும் மேல் இருந்தன. அந்த நாட்டின் கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன; கம்பிகள் எதுவும் அறுபடவில்லை. பெயரைச் சொல்லி முகவரி கேட்டவர்களுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. வழக்கமான பராமரிப்புப் பணி ஒன்றின்போது, பெயர்ப் பட்டியலை எழுதித் தரும் நிரல், பெயர்களின் கடைசியில் இட வேண்டிய புள்ளியை இடாமல் விட்டிருந்தது. பிழை விரைவிலேயே கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆயினும் தவறான விடையை ஏற்கெனவே வாங்கித் தம்மிடம் சேமித்து வைத்திருந்த உலகெங்குமுள்ள சேவையகங்கள் அதை மறக்க மேலும் பல மணி நேரம் ஆயிற்று.

இந்நிகழ்ச்சி கணினித் துறையினரிடையே ஒரு கவனக்குறைவின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. மொழியியல் மாணவர் ஒருவர் இதைப் படித்தால் வேறொரு வினாவை எழுப்புவார். புள்ளி விடுபட்ட அந்தப் பெயர்கள் இலக்கணப் பிழையுடையவை அல்ல. அக்கோப்பின் இலக்கணத்தில், கடைப்புள்ளி உள்ள பெயரும் செல்லும், இல்லாத பெயரும் செல்லும். இரண்டுக்கும் பொருள்தான் வேறு. இலக்கணம் ஏற்கும் ஒரு தொடரை, எழுதியவர் கருதியது இதுவன்று என்று ஒரு நிரல் எவ்வாறு அறியும்? மண்டலக் கோப்புகளைப் பிழைநோக்கும் கருவிகளின் ஏறத்தாழ நாற்பதாண்டு வரலாறு, இந்த ஒரு வினாவைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

தொடக்கத்தில் இத்தகைய வினாவுக்கே இடமில்லை. 1970களில் அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் அடங்கின. 'ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட்' எனப்பட்ட அக்கோப்பு, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையத்தில் பேணப்பட்டது. அம்மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபெய்ன்லர். புதிய கணினியை இணைப்பவர் அம்மையத்துக்குத் தெரிவிப்பார். அங்குள்ளோர் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்ற கணினிகள் அவ்வப்போது அதை நகலெடுத்துக்கொள்ளும். பிழைநோக்குதல் என்பது பதிப்பாசிரியரின் வேலையாக இருந்தது. ஒரே பெயரை இருவர் கேட்டால் மையத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எல்லாப் பெயரும் முழுப்பெயர். அதைப் படிக்கச் சூழல் எதுவும் தேவையில்லை. கணினிகள் பெருகியபோது, ஒரே இடத்தில் ஒரு பட்டியலைப் பேணுவதும், அதை எல்லோரும் மீண்டும் மீண்டும் நகலெடுப்பதும் இயலாத காரியங்கள் ஆயின.

மாற்று ஏற்பாட்டை வகுத்தவர் பால் மோக்கபெட்ரிஸ். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய அவரிடம், முன்வைக்கப்பட்டிருந்த யோசனைகளைச் சீர்தூக்கிப் பார்க்கும்படி ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டார். அவர் தமக்கென ஒரு புதிய முறையையே அமைத்துவிட்டார். 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 என்னும் ஆவணங்களாகவும், திருத்தம் பெற்று 1987 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1034, 1035 ஆகவும் அது வெளிவந்தது. இன்று வழங்கும் களப்பெயர் முறைமைக்கு அடித்தளம் இவ்விரு ஆவணங்களே. பெயர்கள் ஒரு மரமாக அமையும். மரத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மண்டலம். மண்டலத்துக்கு உரியவர் தம் பெயர்களைத் தாமே எழுதிக்கொள்வார். அவ்வாறு எழுதப்படுவதே மண்டலக் கோப்பு. மென்லோ பார்க்கில் ஓரிடத்தில் நடந்த பதிப்பாசிரியர் வேலை, இவ்வாறு ஆயிரக்கணக்கான கைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

கையால் தட்டச்சு செய்பவருக்கு உழைப்பு மிச்சமாக வேண்டும் என்னும் கருத்து அக்கோப்பின் இலக்கணம் முழுவதிலும் தெரிகிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதன் ஆயுட்காலம், வகை, மதிப்பு என்று வரும். 'வயல்.இன்' என்றொரு களப்பெயர் இருப்பதாகக் கொள்வோம். விளக்கத்துக்காக இங்கே அதைத் தமிழெழுத்தில் எழுதலாம். அதன் மண்டலக் கோப்பில் 'அஞ்சல்' என்று மட்டும் எழுதினால் போதும். கோப்பின் தலைப்பில் குறிக்கப்பட்ட மூலப்பெயரைச் சேவையகம் தானே சேர்த்துக்கொண்டு, 'அஞ்சல்.வயல்.இன்.' என்று முடித்துவிடும். எழுதுபவர் முழுப்பெயரையே எழுத விரும்பினால் கடைசியில் ஒரு புள்ளி இட வேண்டும். அப்புள்ளி மரத்தின் வேரைக் குறிக்கிறது. இதற்கு மேல் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை என்று அறிவிக்கிறது. புள்ளியை மறந்து 'அஞ்சல்.வயல்.இன்' என்று எழுதினால், அது 'அஞ்சல்.வயல்.இன்.வயல்.இன்.' என்று விரியும்.

ஆகவே புள்ளியில்லாப் பெயர், பெயர் போலத் தோன்றினாலும் தொழிலால் சுட்டு. 'அவன்' என்னும் சொல் யாரைக் குறிக்கிறது என்பது சொல்லப்படும் இடத்தைப் பொறுத்திருப்பது போல, 'அஞ்சல்' எதைக் குறிக்கிறது என்பது எந்த மண்டலத்தில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்திருக்கிறது. கடைப்புள்ளி இட்ட பெயரே இயற்பெயர். இந்த இலக்கணத்தில் தோன்றா எழுவாயும் உண்டு. வெற்றிடத்தோடு தொடங்கும் வரி, தனக்கு முன்வந்த வரியின் பெயரையே தன் பெயராகக் கொள்ளும். 'வந்தான், உண்டான், உறங்கினான்' என்று தமிழில் எழுதுகையில் எழுவாயைத் திரும்பச் சொல்லாததைப் போன்றது இது. இடையில் ஒருவர் புதிய பெயரோடு ஒரு வரியை நுழைத்துவிட்டால், அதற்குக் கீழுள்ள வெற்றிட வரிகள் யாவும் புதிய எழுவாய்க்கு உரியவை ஆகிவிடும். எழுத்துப் பிழை ஒன்றும் இராது. அஞ்சல் மட்டும் வேறு வாசலுக்குப் போகும்.

தமிழ் ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் ஏட்டில் தெளிவாக நில்லாது. படிப்பவர் யாப்பையும் சூழலையும் சொற்பழக்கத்தையும் கொண்டு, விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொண்டார். பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளோடு பட்ட பாட்டில் ஒரு பகுதி இதனால் விளைந்ததே. எனினும் ஏட்டுக்கு ஒரு வாசகர் இருந்தார். அவருக்கு ஐயம் வரும். மண்டலக் கோப்பைப் படிக்கும் சேவையகத்துக்கு ஐயம் வருவதில்லை. புள்ளி இல்லையென்றால் விதிப்படி மூலப்பெயரைச் சேர்க்கும். சேர்த்ததை உலகுக்கு அதிகாரபூர்வ விடையாக வழங்கும்.

மோக்கபெட்ரிஸ் இந்த ஆபத்தை அறியாதவர் அல்லர். ஆர்.எஃப்.சி. 1035இன் ஐந்தாம் இயலில், கோப்பில் பிழை ஏதேனும் தென்பட்டால் மண்டலத்தை ஏற்றும் செயலையே நிறுத்திவிட வேண்டும் என்று அவர் எழுதினார். ஒரு பிழையின் விளைவு பரந்தது என்பதே அதற்கு அவர் கூறும் காரணம்: கீழ்மண்டலத்தைச் சுட்டும் வரி பழுதானால், அக்கீழ்மண்டலத்தின் எல்லாப் பெயர்களுக்கும் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சேவையகம் உறுதியாகச் சொல்லிவிடும். தொடர்ந்து, வடிவப் பிழைகளைத் தவிர வேறு எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதையும் சுருக்கமாகக் குறிக்கிறார். எல்லாப் பதிவுகளும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையா, மண்டலத்தின் தலையில் எஸ்ஓஏ என்னும் தலைமைப் பதிவு ஒன்றே ஒன்றுதான் உள்ளதா, கீழ்மண்டலச் சேவையகங்களின் முகவரிகள் தேவைப்படும் இடத்தில் தரப்பட்டுள்ளனவா என்பவை அவை. பிழைநோக்கும் கருவிகள் அனைத்துக்கும் வித்து இச்சில வரிகளே. புள்ளியைப் பற்றி இப்பட்டியலில் சொல் இல்லை, இருக்கவும் வழியில்லை.

கோட்பாடு இவ்வாறு இருக்க, நடைமுறை வேறாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியின் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் நால்வர், டக்ளஸ் டெர்ரி, மார்க் பெய்ன்டர், டேவிட் ரிகிள், சோங்னியான் ஜோ ஆகியோர், யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய பைண்ட் என்னும் மென்பொருளே களப்பெயர்ச் சேவையகங்களில் பெருவழக்காயிற்று. அதன் நெடுங்காலப் பயன்பாட்டில், கோப்பு சரியாக உள்ளதா என்று அறிய எளிய வழி அதை ஏற்றிப் பார்ப்பதுதான். நிர்வாகி கோப்பைத் திருத்துவார். ஓடிக்கொண்டிருக்கும் சேவையகத்தை மீண்டும் படிக்கச் சொல்வார். பிறகு பதிவேட்டைத் திறந்து ஏதேனும் முறையீடு வந்துள்ளதா என்று தேடுவார். மெய்ப்புப் பார்ப்பதற்காகப் புத்தகத்தை அச்சிட்டு விற்பனைக்கு அனுப்புவதை ஒத்த முறை இது. பிழை தெரிய வரும்போது அது ஊருக்கும் தெரிந்திருக்கும்.

1990களின் முதற்பாதியில் இப்பிழைகளைத் தொகுத்து வகைப்படுத்தும் முயற்சி தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த பீட் பேர்டெமா 1993 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1537ஐ எழுதினார், தரவுக் கோப்புகளில் அடிக்கடி காணப்படும் பிழைகளைப் பற்றிய சிறு ஆவணம் அது. கடைப்புள்ளி விடுபட்டதால் வால் நீண்டு போன விந்தைப் பெயர்கள் அதிலேயே இடம்பெற்றுவிட்டன. 1996 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார் அதை விரித்து ஆர்.எஃப்.சி. 1912 ஆக்கினார். இலக்கண நூல்களில் வழூஉச் சொற்களுக்கென ஒரு பகுதி இருப்பதைப் போல, களப்பெயர் முறைமைக்கு வாய்த்த வழூஉப் பட்டியல் அது. இன்றும் பிழைநோக்கும் நிரல்களின் விளக்கங்களில் அதன் எண் மேற்கோளாக வருகிறது.

அதே காலத்தில் கருவிகளும் தோன்றின. 1994 நவம்பரில் போர்ச்சுகலைச் சேர்ந்த ஆர்டுர் ரொமாவோ எழுதிய ஆர்.எஃப்.சி. 1713, அப்போதிருந்த கட்டளை வரிக் கருவிகளை அறிமுகம் செய்கிறது. அவற்றுள் டேவிட் பார் பெர்ல் மொழியில் எழுதிய 'டிஎன்எஸ்வாக்' குறிப்பிடத்தக்கது. அது கோப்பைப் படிப்பதில்லை. ஓடும் சேவையகத்திடமிருந்து மண்டலம் முழுவதையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயராக நடந்து சென்று உறவுகளைச் சரிபார்க்கும். எழுதியதைச் சோதிப்பது ஒரு வழி, வழங்கப்படுவதைச் சோதிப்பது மற்றொரு வழி என்னும் பிரிவு இங்கே தெளிவாகிறது. பிந்தையதற்கு ஒரு குறை உண்டு: வழங்கத் தொடங்கிய பிறகே சோதிக்க முடியும்.

கோப்பையே நேராகப் படித்த கருவிகளுள், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெய்க் லெரஸ் எழுதிய 'என்எஸ்லின்ட்' தனித்த கவனத்துக்கு உரியது. அதன் பெயரே ஒரு மரபைச் சொல்கிறது. பெல் ஆய்வகத்தில் 1970களின் இறுதியில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களைச் சோதிக்க 'லின்ட்' என்றொரு கருவி செய்தார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பிசிறைக் குறிக்கும் சொல் அது. மொழிமாற்றி ஏற்றுக்கொள்ளும் நிரலிலும், சட்டப்படி செல்லும் ஆனால் ஐயத்துக்குரியது என்று தோன்றும் இடங்களை அது எடுத்துக் காட்டும். என்எஸ்லின்ட் இம்மனப்பான்மையை மண்டலக் கோப்புக்குக் கொண்டுவந்தது. ஒரு பெயருக்கு முகவரி இருந்து, அம்முகவரியிலிருந்து பெயருக்குத் திரும்பும் பதிவு இல்லையென்றால் சொல்லும். உள்ளே புள்ளிகள் உள்ள பெயர், கடைசியில் புள்ளி இல்லாமல் நின்றால் அதையும் சொல்லும்.

இந்தக் கடைசிச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. 'அஞ்சல்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதுபவர் சுட்டாகவே எழுதுகிறார், 'அஞ்சல்.வயல்.இன்' என்று எழுதுபவர் இயற்பெயரைக் கருதியே எழுதியிருக்க வேண்டும். இது இலக்கண விதியன்று. எழுதுபவரின் மனத்தைப் பற்றிய ஊகம். ஏட்டைப் படித்தவருக்கு வந்த ஐயத்தை, மிக எளிய வடிவில், ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்த முயற்சி என்றும் சொல்லலாம். ஊகம் ஆதலால் பிழைபடவும் செய்யும். ஒரு பல்கலைக்கழகத்தின் மண்டலத்தில் 'வலை.இயற்பியல்' என்று துறைப் பெயரோடு சேர்த்து எழுதுவது முற்றிலும் முறையானது. அங்கே உட்புள்ளி உண்டு, கடைப்புள்ளி தேவையில்லை. பொய்யெச்சரிக்கை மிகுந்தால் மெய்யெச்சரிக்கையையும் மனிதர் படிப்பதில்லை.

எச்சரிக்கையைப் படிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதை 1997 ஜூலை 17 காட்டியது. '.காம்', '.நெட்' மண்டலங்களை அப்போது நிர்வகித்தது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம். தரவுத்தளத்திலிருந்து இரவுதோறும் மண்டலக் கோப்புகள் தாமாக உருவாகும். அன்றிரவு அவ்வேலையில் கோளாறு நேர்ந்து, கோப்புகள் பழுதாயின. நிறுவனத்தின் தரச் சோதனை அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை எழுப்பியது. கோப்பை மீண்டும் உருவாக்கிச் சரிபார்க்காமலேயே, அதிகாலை 2.30 மணியளவில் பணியில் இருந்தவர் அதை வெளியிட்டுவிட்டார். நான்கு மணி நேரத்தில் திருத்திய கோப்பு வந்தது; அதற்குள் பழுதுற்ற கோப்பு வேர்ச் சேவையகங்கள் வழியே பரவிவிட்டது. சோதிக்கும் நிரல் இங்கே தன் கடமையைச் செய்திருந்தது. அதன் சொல்லுக்குக் கதவைச் சாத்தும் அதிகாரம் இல்லை என்பதே குறை. பிழை கண்டால் ஏற்றாதே என்று 1987இல் எழுதப்பட்ட விதியில் 'ஏற்றாதே' என்பதே முதன்மையான சொல். 'தெரிவி' என்பதோடு நிறுத்திக்கொண்ட ஏற்பாடுகள் அவ்விதியைப் பாதிதான் நிறைவேற்றின.

2000ஆம் ஆண்டில் பைண்ட் அடியோடு புதிதாக எழுதப்பட்டு ஒன்பதாம் பதிப்பாக வந்தது. அவ்வரிசையில்தான் 'நேம்டு-செக்சோன்' என்னும் கட்டளை கிடைத்தது. மண்டலத்தின் பெயரையும் கோப்பின் பெயரையும் கட்டளை வரியில் கொடுத்தால், சேவையகத்தைத் தொடாமலேயே கோப்பைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும். அதன் சிறப்பு, சேவையகம் ஏற்றும்போது செய்யும் அதே சோதனைகளையே செய்வது. வேறொருவர் எழுதிய கருவி, இலக்கணத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கலாம். இங்கே சோதிப்பவரும் பின்னர் படிப்பவரும் ஒரே இலக்கணத்தில் பயின்றவர்கள். பிழையில்லையெனில் வெளியேறும்போது சுழியத்தையும், உண்டெனில் வேறு எண்ணையும் விட்டுச் செல்லும். இச்சிறு எண்ணால்தான் 1997இன் குறையை நிவர்த்தி செய்ய முடிந்தது. 'சோதனை சுழியம் தந்தால் மட்டும் மீளேற்று' என்று ஒரு நிரலில் எழுதிவிட்டால், அதிகாலை 2.30 மணியின் தூக்கக் கலக்கத்துக்கு அங்கே இடமில்லை. நிரலைத் தாண்டிச் செல்ல ஒருவர் உறுதியாக முனைந்தால் ஒழிய, கதவு திறவாது.

அது பிடிக்கும் பிழைகள் பல. மாற்றுப்பெயராக அறிவிக்கப்பட்ட பெயருக்கு வேறு பதிவும் இருப்பது, மண்டலத்துக்குச் சேவையகமே குறிக்கப்படாதது, பெயர் வர வேண்டிய இடத்தில் எண் முகவரியை எழுதியது, மண்டலத்துக்குப் புறம்பான பெயரைக் கோப்பில் சேர்த்தது, அடைப்புக்குறியை மூடாதது ஆகியவை அவற்றுள் சில. பின்வந்த பதிப்புகள் இன்னும் ஒருபடி சென்றன: அஞ்சல் சேவையகமாகவோ பெயர்ச் சேவையகமாகவோ சுட்டப்பட்ட பெயர் இதே மண்டலத்தைச் சேர்ந்ததாயின், அதற்கு முகவரி உண்டா என்றும் பார்க்கும். புள்ளி விடுபட்ட பெயர் மூலப்பெயரைச் சேர்த்துக்கொண்டு மண்டலத்துக்குள்ளேயே வந்து விழுவதால், அங்கே அப்படி ஒருவர் இல்லை என்று பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இலக்கணத்தால் பிடிக்க முடியாததைச் சுட்டப்படும் பொருள் உண்டா என்னும் வினா பிடித்துத் தருகிறது. மாற்றுப்பெயரின் இலக்கிலோ, முகவரியிலிருந்து பெயருக்குத் திரும்பும் பதிவிலோ புள்ளி விடுபட்டால் இந்த உதவி கிடைப்பதில்லை.

அவ்விடங்களுக்கு இக்கருவியிலேயே வேறொரு வழி இருக்கிறது; பிழைநோக்கும் வாய்ப்பாகப் பலர் அதைக் கருதுவதில்லை என்பது வியப்பு. கட்டளையோடு 'டி' என்னும் பெரிய எழுத்து விருப்பைச் சேர்த்தால், கோப்பு முழுவதையும் விரித்து எழுதிக் காட்டும். சுட்டுகள் யாவும் இயற்பெயர்களாகும். தோன்றா எழுவாய்கள் வெளிப்படும். ஒவ்வொரு வரியும் தன்னளவில் முழுமை பெறும். சீர் பிரித்துப் பதம் பிரித்து அச்சிட்ட பதிப்பை ஏட்டின் அருகில் வைத்துப் பார்ப்பது போன்றது. 'வயல்.இன்.வயல்.இன்.' என்று இரட்டித்த வால் அதில் கண்ணுக்கு உடனே தெரியும். நேற்றைய விரிவையும் இன்றைய விரிவையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் ஒருவர் படித்தால், அவர் கருதாத மாற்றம் ஒளிந்திருக்க இடம் குறைவு.

கோப்பின் அளவு பெரிதாகும்போது இப்படிப் படிப்பதும் இயலாது. 2010 மே 12 அன்று செருமனியின் '.டிஇ' மண்டலத்தில் நேர்ந்தது அத்தகையது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்ட அம்மண்டலத்தின் தரவு, சேவையகங்களுக்கு முழுமையாக நகலெடுக்கப்படாமல் பாதியில் நின்றது. பாதித் தரவைக் கொண்டு எழுந்த சேவையகங்கள், மீதிப் பெயர்கள் உலகில் இல்லவே இல்லை என்று விடை கூறின. இங்கே வரிகள் எவற்றிலும் பிழையில்லை. மண்டலக் கோப்பில் வரிகள் தனித்தனியே நிற்பவை. கோப்பு இதோடு முடிந்தது என்று சொல்ல அதன் இலக்கணத்தில் குறி எதுவும் இல்லை. பழைய தமிழ்ச் சுவடிகளிலும் அச்சு நூல்களிலும் இறுதியில் 'முற்றிற்று' என்று எழுதும் வழக்கம் இருந்தது. அச்சொல் இல்லாத சுவடியைக் கண்டால் பின்னேடுகள் சிதைந்திருக்கலாம் என்று பதிப்பாசிரியர் ஐயுறுவார். சேவையகம் இன்னொரு சேவையகத்துக்கு வலையமைப்பு வழியே மண்டலத்தை அனுப்பும் முறையில் இதற்கு ஈடான ஒன்று உண்டு: தலைமைப் பதிவை முதலிலும் சொல்லி இறுதியிலும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை அது வராவிட்டால் பரிமாற்றம் முற்றவில்லை என்று பெறுபவர் அறிவார். அனுப்பும் மொழிக்குக் கொடுத்த 'முற்றிற்று', எழுதும் மொழிக்குக் கொடுக்கப்படவில்லை. கோப்புகளை நகலெடுப்பவர்கள் வரிகளை எண்ணிப் பார்ப்பதும், எண்ணிக்கை திடீரெனச் சரிந்தால் நிறுத்துவதும் இதற்காகத்தான்.

தலைமைப் பதிவிலுள்ள வரிசை எண்ணும் ஒரு கோப்பைத் தனித்துப் படிப்பதால் சோதிக்க முடியாதது. கோப்பைத் திருத்தும்போதெல்லாம் அதை உயர்த்த வேண்டும். உயர்ந்தால்தான் துணைச் சேவையகங்கள் புதிய நகலை எடுக்கும். ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்த எண் என்று பத்து இலக்கங்களாக எழுதும் வழக்கத்தை ஆர்.எஃப்.சி. 1912 பரிந்துரைத்தது. மறந்தால் முதன்மைச் சேவையகம் ஒன்றையும் துணைச் சேவையகம் மற்றொன்றையும் சொல்லிக்கொண்டிருக்கும். நேம்டு-செக்சோன் வரிசை எண்ணை வாசித்துக் காட்டுமே அன்றி, நேற்று அது எவ்வளவு என்று கேட்காது.

2010 ஜூலை 15 அன்று வேர் மண்டலத்துக்கு மறையீட்டுக் கையொப்பம் இடப்பட்ட பிறகு, பிழையின் தன்மையே ஒருவாறு மாறியது. கையொப்பங்களுக்குக் காலாவதி நாள் உண்டு. நேற்றுச் சரியாக இருந்த கோப்பு, ஓர் எழுத்தும் மாறாமல், நாளை பிழையாகும். ஆகவே 'எல்டிஎன்எஸ்-வெரிஃபைசோன்', 'வாலிடிஎன்எஸ்' போன்ற கருவிகள் கோப்போடு கடிகாரத்தையும் பார்க்கின்றன. கையொப்பம் எழுதியவர் இவர்தாம் என்பதற்குச் சான்று. எழுதியது கருதியதுதானா என்பதற்குச் சான்றாகாது. புள்ளி விடுபட்ட பெயருக்கும் குறையற்ற கையொப்பம் கிடைக்கும்.

தமிழுக்கு இவ்வரலாற்றில் நேரான பங்கு, தமிழெழுத்தில் களப்பெயர்கள் அமைந்தபோது தொடங்கியது. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' மூன்றும் இன்று வேர் மண்டலத்தில் உள்ளன. ஆயினும் மண்டலக் கோப்பில் அவை தமிழாக நிற்பதில்லை. 2003 மார்ச்சில் ஆடம் காஸ்டெல்லோ வகுத்த 'பியூனிகோடு' முறைப்படி, ரோமன் எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டுமே கொண்ட வடிவாக மாற்றப்படுகின்றன. '.இந்தியா' என்பதன் உருவம், எக்ஸ், என் என்னும் இரண்டு எழுத்துகள், இரண்டு சிறுகோடுகள், அவற்றின் பின் எக்ஸ், கே, சி, 2, டி, எல், 3, ஏ, 5, இ, இ, 0, எச். தமிழ் அறிந்தவருக்கும் ஆங்கிலம் அறிந்தவருக்கும் ஒருசேரப் படிக்க இயலாத சொல் இது. விரித்து எழுதிக் கண்ணால் படிக்கும் வழி இங்கே அடைபடுகிறது. பியூனிகோடைத் தமிழாக்கிக் காட்டும் இன்னொரு நிரலை இடையில் வைத்தால்தான் பதிப்பாசிரியரின் கண் மீண்டும் பயன்படும்.

மெய்யின் புள்ளி இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது. யூனிகோடில் அது தனிக் குறியீடு. ஆகவே 'வயல்' என்பதும் புள்ளி தவறிய 'வயல' என்பதும் இருவேறு பெயர்கள், இருவேறு பியூனிகோடு வடிவங்கள். ஓலையில் எழுதியவர் விட்ட புள்ளியைப் படித்தவர் இட்டுக்கொண்டார். 'வயல.இந்தியா' என்று தவறாகத் தட்டச்சாகிப் பியூனிகோடாக மாறி ஒரு மண்டலக் கோப்புக்குள் நுழைந்தால், நேம்டு-செக்சோன் அதை எழுத்து, எண், சிறுகோடு என்று எண்ணிப் பார்த்து விதிக்கு உட்பட்டதாகவே காணும். வரிசை எண்ணை ஒரு வரியில் சொல்லி, அடுத்த வரியில் 'ஓகே' என்று எழுதிவிட்டு, சுழியத்தோடு வெளியேறும்.